ஆறு பேருக்கு மட்டும் சோதனை

ஃபேர்வுட், கலிபோர்னியா
12 செப்டம்பர் 1999

அன்புள்ள பெஹன்ஜிக்கு,

உங்கள் தங்கை நிர்லேப்பின் சத் ஸ்ரீ அகால். குருவின் புண்ணியத்தில் இங்கே மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறதா?

பீச் பழக் காலம் முடிந்துவிட்டது. பழம் அடுக்கும் கொட்டகையில் இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அவர் லாரியோடு ஓரிகன் போயிருக்கிறார். சிம்ரத் என்னோடு வீட்டில் இருக்கிறாள். பராட்டா திரட்டக் கற்றுக்கொண்டாள், வட்டமாகக்கூட வருகிறது. மற்ற நேரம் படிக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பள்ளியில் கிர்பான் கத்தி அணிந்த பெண்கள் படிக்கிறார்களா? அவர்களுக்கு ஏதாவது விதி உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

ஜீஜாஜியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் நிப்பி


பாட்டியாலா
27 செப்டம்பர் 1999

என் நிப்பிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பெண்ணும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். என் முழங்காலை விடு, அது என்னோடுதான் போகும்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் விடுதியில் வார்டன் வேலை பார்க்கிறேன். "சும்மாதான் கேட்கிறேன்" என்று ஆரம்பிக்கும் பெண்களை நான் பார்த்ததே இல்லையா? பள்ளிக்கூடம் திறந்து நடக்கிற மாதத்தில் பதின்மூன்று வயதுப் பெண் வீட்டில் உட்கார்ந்து பராட்டா திரட்டுகிறாள் என்றால் அது என்ன சமாச்சாரம்? போன ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு வாயில் பொய் வரும், கையில் வராது. அதனால் எழுது.

எங்கள் பள்ளியில் கிர்பான் அணிந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் கண்டுகொள்வதில்லை. அதற்கு எதற்கு விதி?

பதில் உடனே வரட்டும். சிம்ரத்துக்கு என் முத்தம்.

ஹர்சரண்


ஃபேர்வுட்
14 அக்டோபர் 1999

அன்புள்ள பெஹன்ஜிக்கு,

வணக்கம். உடம்புக்கு எல்லாரும் சுகம். மற்றபடி சுகமில்லை.

ஏப்ரலில், கால்சாவின் முந்நூறாவது வைசாகி அன்று, சிம்ரத் குருத்வாராவில் அமிர்தம் குடித்துத் தீட்சை எடுத்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தேன். அவர் தன் தலைமுடியையே வெட்டிக்கொண்டவர், நான் பாதி பக்திக்காரி. எங்கள் இரண்டு பேரையும் கேட்டா எடுத்தாள்? தானே முடிவு செய்தாள். அன்றிலிருந்து சட்டைக்குள் வாரில் சின்னக் கிர்பான். விரல் நீளம்கூட இல்லை. பள்ளியில் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

அதே ஏப்ரலில்தான் கொலராடோவில் பிள்ளைகள் பிள்ளைகளைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு இங்கே எல்லாப் பள்ளியிலும் புது விதி. எவ்வளவு சின்னக் கத்தியானாலும், எதற்காக வைத்திருந்தாலும், ஒரு வருஷம் வெளியே.

செப்டம்பரில் நீச்சல் வகுப்பு ஆரம்பித்தார்கள். நம் அம்மா குளிக்கும்போது என்ன செய்வாள்? கிர்பானைக் கழற்றி வைக்க மாட்டாள் இல்லையா, வாரோடு தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு தானே குளிப்பாள். இவளும் அதையே செய்தாள். உடை மாற்றும் அறையில் எல்லாப் பெண்களுக்கும் நடுவே, அத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததைத் தலையில் கட்டிக்கொண்டு குளத்துக்கு நடந்தாள். மரியாதையாக நடந்துகொள்கிறோம் என்று நினைத்திருக்கிறாள், பைத்தியக்காரி.

யாரோ கத்தியிருக்கிறார்கள். பயிற்சியாளர் விசில் ஊத, பள்ளி முழுக்கக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதார்களாம். நான் போனபோது சிம்ரத் ஈரத் துணியோடு தலைமையாசிரியர் அறையில் நின்றாள். துண்டு கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. போலீஸ்காரர் அவளை விட்டுவிட்டு, என்னோடு வந்த அவரிடம் கேள்வி கேட்டார். எந்த நாடு, எந்த அமைப்பு, உங்கள் ஊரில் என்ன சண்டை, இதற்கு முன் வேறு ஏதாவது செய்யச் சொல்லிக் கொடுத்தீர்களா. அவர் பீச் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர் பெஹன்ஜி. என்ன பதில் சொல்வார்?

போன வருஷம் இதே பள்ளியில் ஒரு பையன் மீன் அறுக்கும் கத்தியைப் பையில் மறந்து கொண்டுவந்தான். எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அவன் குடும்பத்தை எல்லாருக்கும் தெரியுமாம்.

மாவட்டப் பள்ளிக் குழு விசாரிக்கும்வரை சிம்ரத் வெளியே. கிர்பானைக் கழற்றிவிட்டால் நாளைக்கே வரலாம் என்கிறார்கள். கழற்ற மாட்டேன் என்கிறாள். "பள்ளிக்கூடமும் வேணும், இதுவும் வேணும்" என்கிறாள். அவர் கோபத்தில், "ரெண்டுல ஒண்ணுதான்டி கிடைக்கும்" என்றார். அப்பாவும் மகளும் பேசி ஒரு வாரம் ஆகிறது.

ஜீஜாஜிக்கு வணக்கம் சொல்லுங்கள்.

நிப்பி


பாட்டியாலா
2 நவம்பர் 1999

என் நிப்பிக்கு,

ஆசீர்வாதங்கள். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

ஒரு குழந்தையை ஈரத்தோடு நிற்க வைத்து விசாரித்தார்களா? அவர்களெல்லாம் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களா? சந்தேகம் என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே புத்திதான். எண்பத்திரண்டில் டெல்லி போகும் பஸ்ஸை எல்லைச் சாவடியில் நிறுத்தி, அறுபது வயது மனுஷனான நம் அப்பாவை மட்டும் இறக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். அதற்குப் பிறகு டெல்லிக்கே போகவில்லை, உன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக்கூட. அதைப் பார்த்த வீட்டுப் பெண் நீ. பணிந்து போகாதே. மாப்பிள்ளையிடமும் சொல், பெண் தப்பு செய்யவில்லை.

இங்கேயும் வேலை தலைக்கு மேலே கிடக்கிறது. கார்கில் சண்டைக்குப் பிறகு அறங்காவலர்கள் தூங்குவதே இல்லை. எங்கள் விடுதியில் காஷ்மீர் பெண்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பைகளை மட்டும் தினமும் வாசலில் திறந்து பார்க்க வேண்டும் என்றார்கள். சரி என்றேன். அந்தப் பெண்களின் பாதுகாப்புக்கும் அது நல்லதுதான், நாளைக்கு ஏதாவது என்றால் அவர்கள்மேல்தானே பழி விழும். அதில் நிகத் என்று ஒருத்தி, சோபோர்க்காரி, பத்தாம் வகுப்பு. கணக்கில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவள் அப்பா குலாம் ரசூல் வருஷா வருஷம் குளிர்காலத்தில் சால்வை மூட்டையோடு இங்கே வருவார். என் பழுப்புச் சால்வை அவரிடம் வாங்கியதுதான்.

சிம்ரத்திடம் சொல், அவள் மாசி நான் அவள் பக்கம்.

ஹர்சரண்


ஃபேர்வுட்
28 நவம்பர் 1999

அன்புள்ள பெஹன்ஜிக்கு,

வணக்கம். இங்கே மழை பிடித்துவிட்டது. எனக்கு லேசாக இருமல், பயப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காலை மூடிக்கொண்டு தூங்குங்கள்.

பிப்ரவரியில் விசாரணை. குருத்வாரா கமிட்டி ஒரு வக்கீலை அமர்த்தியிருக்கிறது. ரவ்னீத் என்று நம் பெண்தான், இங்கேயே பிறந்தவள், பஞ்சாபி பேசினால் சிரிப்பு வரும். ஆனால் கெட்டிக்காரி. குழுவில் ஏழு பேர், மூன்று பேர் நமக்கு எதிராம், மூன்று பேர் நம் பக்கமாம், தலைவியம்மா ஒருத்திதான் நடுவில் நிற்கிறாளாம். அந்தம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. "அவங்ககிட்ட வக்கீல் பேச்சு எடுபடாது, இன்னொரு டீச்சர் சொன்னா கேப்பாங்க" என்கிறாள் ரவ்னீத்.

அதனால்தான் உங்களை நம்பி எழுதுகிறேன். பஞ்சாபில் பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை, விடுதி வார்டன், இத்தனை வருஷ அனுபவம். உங்கள் பள்ளியில் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒரு சான்றுக் கடிதம் வேண்டும், பள்ளி முத்திரையோடு.

சிம்ரத்துக்கு ஒரு தோழி இருந்தாள், எமிலி. அவள் அம்மா இப்போது கடையில் என்னைப் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறாள். சிம்ரத் நாளெல்லாம் வாசல் ஜன்னலில் பள்ளி பஸ் போவதையும் வருவதையும் பார்க்கிறாள். ஒரு வருஷம் போய்விட்டால் அவள் திரும்பிப் போகவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதங்களை அவளும் படிக்கிறாள், குருத்வாரா வகுப்பில் குர்முகி எழுத்து நன்றாகவே கற்றிருக்கிறாள். நிகத் என்ற அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தாள். "அந்த ஆறு பேரு பைய மட்டும் ஏன் பாக்குறாங்க?" என்றாள். பெரியவர்கள் விஷயம் என்று சொல்லிவைத்தேன்.

நிப்பி


பாட்டியாலா
3 ஜனவரி 2000

என் நிப்பிக்கு,

புது வருஷத்தில் உன் வீட்டுக் கவலையெல்லாம் தீரட்டும். இருமலுக்கு இஞ்சியும் தேனும் சாப்பிடு, அமெரிக்க மருந்தை நம்பாதே.

சான்றுக் கடிதம் இதோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் நானே எழுதினேன். அதில் இப்படி ஒரு வரி வைத்திருக்கிறேன்: "எங்கள் பள்ளியில் ஒரு பெண் தன் மதத்தின் பெயராலோ தன் மக்களின் வழக்கத்தாலோ உடலில் தாங்கும் எந்தப் பொருளுக்காகவும் அவளைச் சந்தேகித்ததும் இல்லை, வெளியேற்றியதும் இல்லை." உன் தலைவியம்மா இதைப் படித்துவிட்டு எழுந்து நிற்பாள், பார்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. விமானத்தைக் கடத்திக் கந்தஹாரில் நிறுத்தி வைத்திருந்தார்களே, அந்த வாரம் இங்கே ஒருவருக்கும் புத்தி நிதானத்தில் இல்லை. விடுமுறையிலும் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குச் சிறப்பு வகுப்பு நடந்ததால் விடுதியில் இருந்தார்கள். நல்ல மூடுபனி. சாயங்காலம் நிகத் வராந்தாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள், அந்தத் தொளதொள காஷ்மீர் அங்கியைப் போட்டுக்கொண்டு. அங்கிக்குள்ளிருந்து புகை வந்ததை ஒருத்தி பார்த்துவிட்டு, "பாம்" என்று அலறினாள். அவ்வளவுதான், மாடி முழுக்க ஓடினார்கள். படியில் விழுந்து ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. காவலாள் ஒரு வாளித் தண்ணீரை நிகத்தின்மேல் கொட்டினான்.

பார்த்தால் காங்கிடி. கூடைக்குள் மண்சட்டி வைத்து அதில் தணல் போட்டு அங்கிக்குள் வைத்துக்கொள்வார்களே, அதுதான். குளிர் தாங்கவில்லையாம். சமையல்காரியிடம் தணல் வாங்கியிருக்கிறாள். வாசலில் சோதனை போட்ட காவலாளுக்கு அது பூந்தொட்டி என்று நினைப்பு. நான் சும்மா விடுவேனா? இத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில் நெருப்பு. அறங்காவலர்கள் போனில் கத்துகிறார்கள். அன்று இரவே அவள் அப்பாவை வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சலாம் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். மற்ற ஐந்து பேரும் இப்போது சத்தமே இல்லாமல் இருக்கிறார்கள். விடுதி அமைதியாக இருக்கிறது.

விசாரணை முடிந்ததும் உடனே எழுது.

ஹர்சரண்


ஃபேர்வுட்
14 பிப்ரவரி 2000

பெஹன்ஜிக்கு,

நீங்களும் ஜீஜாஜியும் சுகமா? இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

பத்தாம் தேதி விசாரணை நடந்தது. பெரிய கூடம், கொடி, ஏழு பேர். ரவ்னீத் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு உங்கள் சான்றுக் கடிதத்தைக் கையில் எடுத்தாள். அப்போது சிம்ரத் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அதப் படிக்காதீங்க அக்கா. அது நிஜமில்ல."

மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மேஜையில் மைக் இருந்தது. தலைவியம்மா என்னவென்று கேட்டார். சிம்ரத் எழுந்து நின்றாள். "எங்க மாசி ஸ்கூல்ல ஒரு பொண்ண வெளிய அனுப்பியிருக்காங்க. என்ன அனுப்பின மாதிரியேதான். அவளப் பத்தி அந்தக் கடிதத்துல இல்ல" என்றாள்.

ரவ்னீத்துக்கு முகம் செத்துவிட்டது. கடிதத்தைத் தெளிவுபடுத்த அவகாசம் வேண்டும் என்று கேட்டாள். மார்ச் இருபத்துமூன்றுக்குத் தள்ளி வைத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார். வீடு வந்ததும் அவர், "உனக்கு நாங்க யாருமே வேணாமாடி?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார்.

நானும் அந்த வரியைப் படித்தேன் பெஹன்ஜி. அதே உறையில் இருந்த நிகத் கதையையும் படித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு என்ன கண்ணா தெரியாது? கேஸ் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் மகளுக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் வரவில்லை.

உங்கள்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. மார்ச்சில் தோற்றால் அவள் வருஷம் போய்விடும். சிம்ரத் தனியாக ஒரு தாள் எழுதியிருக்கிறாள், அனுப்பியிருக்கிறேன்.

நிப்பி


(அதே உறையில்)

மாசிஜிக்கு,

சிம்ரத்தின் சத் ஸ்ரீ அகால். எழுத்து தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

என்னால் உங்களுக்கு அவமானம் ஆகிவிட்டது. அம்மா அழுதார்கள். நான் வேண்டும் என்று செய்யவில்லை. ரவ்னீத் அக்கா அதைக் கையில் எடுத்தபோது எனக்கு நிகத் ஞாபகம் வந்துவிட்டது.

என்னைத் துண்டு தராமல் நிற்க வைத்தார்கள் என்று உங்களுக்குக் கோபம் வந்ததே. நிகத் மேல் தண்ணீர் ஊற்றியபிறகு அவளுக்கு யாராவது துண்டு கொடுத்தார்களா? அதை நீங்கள் எழுதவில்லை.

அவள் விலாசம் தெரிந்தால் அனுப்புங்கள். உங்கள் முழங்கால் சீக்கிரம் சரியாகட்டும்.

சிம்ரத்


பாட்டியாலா
27 பிப்ரவரி 2000

நிர்லேப்புக்கு,

உன் கடிதமும் உன் மகள் கடிதமும் வந்தன.

கிர்பானும் நெருப்பும் ஒன்றா? அது குருவின் ஆணை. இது குளிருக்கு வைத்துக்கொள்ளும் அடுப்பு. கம்பளி இல்லையா? கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? ராத்திரியில் விடுதி பற்றி எரிந்திருந்தால் உன் மகள் வந்து பதில் சொல்வாளா? இருநூறு பெண்களின் பெற்றோர் என்னை நம்பித் தூங்குகிறார்கள். உட்கார்ந்த இடத்தில் நியாயம் பேசுவது சுலபம். பள்ளிக்கூடம் நடத்திப் பார்.

உனக்காகத்தான் எழுதிக் கொடுத்தேன். என் பெயரை வேற்று நாட்டுக் கூட்டத்தில் மைக்கில் பொய்க்காரி என்று ஆக்கிவிட்டீர்கள். நல்லது. இனி என்னிடம் சான்று கேட்காதே.

ஹர்சரண்


பாட்டியாலா
11 மார்ச் 2000

நிப்பி,

நீ பதில் எழுதுவதற்கு முன்பே இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உன் இருமல் நின்றதா? சிம்ரத்தும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்கிறார்களா?

பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அனுமதிச் சீட்டு வந்தது. எல்லாரும் வாங்கிப் போனார்கள், நிகத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாள், தபாலில் அனுப்பலாம் என்று விலாசம் கேட்க, குலாம் ரசூல் தங்கியிருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். பழைய கடைவீதிக்குப் பின்னால், மாவு மில்லுக்கு மேலே ஒரு அறை. கதவைத் திறந்தது நிகத்.

அவள் ஊருக்குப் போகவே இல்லை நிப்பி. நான் அனுப்பிய அன்று ராத்திரி பனி விழுந்து மலைப்பாதை அடைத்துவிட்டது. அப்புறம் திறந்தபோது அவளைத் தனியாக அனுப்ப அப்பாவுக்குப் பயம். அந்த ஒரே அறையில் சால்வைக்காரர்கள் எட்டுப் பேர். மூலையில் ஒரு கயிற்றைக் கட்டி, விற்கிற சால்வை இரண்டைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அவளை வைத்திருக்கிறார். டிசம்பரிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். ஆண்கள் எல்லாரும் விற்கப் போன பிறகுதான் வெளியே வந்து குளிப்பாளாம். பாதுகாப்பு என்று நான் எழுதினேனே, பதினைந்து வயதுப் பெண்ணை ராத்திரியில் அங்கேதான் அனுப்பினேன். எங்கே போகிறாள் என்று கேட்கக்கூட இல்லை.

துண்டு கொடுத்தீர்களா என்று உன் மகள் கேட்டாள். கொடுக்கவில்லை என்று எழுதிவிடு.

குலாம் ரசூல் எனக்கு உட்காரப் பெட்டியைத் துடைத்துப் போட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நீங்க என்ன பண்ணுவீங்க பெஹன்ஜி, காலம் அப்படி" என்றார். அதைவிட அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

நிகத்தை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். தேர்வு முடியும்வரை என்னோடு இருப்பாள். அறங்காவலர்கள் துள்ளுகிறார்கள். அந்த ஆறு பேர் சோதனையை நிறுத்திவிட்டேன். நெருப்புக்கு எல்லாருக்கும் ஒரே விதி, குளிருக்கு எல்லா அறைக்கும் ஹீட்டர் கேட்டிருக்கிறேன். என்னை ஜூனுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது, அனுப்பட்டும்.

புதுச் சான்றுக் கடிதம் இதில் இருக்கிறது. நான் செய்ததை உள்ளபடி எழுதியிருக்கிறேன். ஒரு வழக்கத்தைப் பார்த்து ஆயுதம் என்று பயந்த வார்டன் நான், அந்தப் பயத்தால் எந்தப் பெண்ணும் பத்திரமாகவில்லை, ஒரு பெண் தெருவுக்குப் போனாள், நீங்களும் அதைச் செய்யாதீர்கள் என்று. படிக்கலாமா வேண்டாமா என்று சிம்ரத்திடம் கேட்டுவிட்டுக் கொடு.

ஹர்சரண்


ஃபேர்வுட்
25 மார்ச் 2000

என் அன்பான பெஹன்ஜிக்கு,

குருவுக்கு நன்றி. இருமல் போச்சு, தலைவலி போச்சு, எல்லாம் போச்சு. ஜெயித்துவிட்டோம்.

ரவ்னீத் உங்கள் கடிதத்தைப் படித்தாள். தலைவியம்மா இடையில் நிறுத்தி, மில்லுக்கு மேலே இருந்த அறையைப் பற்றி எழுதியிருந்த பாராவை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "அந்தப் பொண்ணு இப்ப பரீட்சை எழுதுறாளா?" என்று. சிம்ரத் எழுந்து, "எங்க மாசி வீட்டுலேருந்து எழுதுறா" என்றாள். நாலுக்கு மூன்று. சிம்ரத் ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போகலாம், கிர்பானோடு.

நிபந்தனைகள் இருக்கின்றன. முனை மழுங்கியிருக்க வேண்டும், உறையோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும், சட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதெல்லாம் சரி என்று குருத்வாரா கிரந்திஜியும் சொல்லிவிட்டார். இன்னொன்று, ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அலுவலகத்துக்குப் போய், அங்கே இருக்கும் அம்மாவிடம் சட்டையைத் தூக்கித் தையல் பிரியாமல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவைதானே, ஒரு நிமிஷ வேலை. சிம்ரத் முகத்தைச் சுளித்தாள். "போதும்டி, ஜெயிச்ச இடத்துல சண்டை போடாத" என்றேன். அவர் லாரியிலேயே ஜிலேபி வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார், எமிலி வீட்டுக்கும் கொடுத்தார். அடுத்த வாரம் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

பெஹன்ஜி, பிப்ரவரியில் நான் எழுதியதை மனதில் வைக்காதீர்கள். நிகத்துக்கு சிம்ரத் தன் கையால் பின்னிய குல்லா அனுப்புகிறாள்.

உங்கள் நிப்பி


பாட்டியாலா
8 ஏப்ரல் 2000

என் நிப்பிக்கு,

நீங்கள் மூவரும் நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் கடிதம் வந்த அன்று நானும் லட்டு வாங்கினேன். முழங்கால் வலிக்க வலிக்க ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நிகத் நேற்றுக் கடைசித் தேர்வு எழுதினாள். கணக்கு நூற்றுக்கு நூறு வரும் என்கிறாள், வரும். குல்லா வந்ததும் அவள் ஊருக்குத் தபாலில் அனுப்புகிறேன். நாளை அவள் அப்பாவோடு ஊருக்குப் போகிறாள். மறுபடி இங்கே படிக்க வருவாயா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். முதல் தேர்வு அன்று காலை அவள் கிளம்பும்போது, பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தாள். ஜியாமெட்ரி பெட்டி, பேனா, டிபன் டப்பா, ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறந்து வைத்தாள். கையை விரித்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், இங்கே அதெல்லாம் வேண்டாம் பெண்ணே என்றேன். சரி மேடம் என்றாள். அடுத்த தேர்வு அன்றும் அதையே செய்தாள். அதற்கடுத்த தேர்வுக்கும்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. "யாரு உன்னக் கேட்டா? நான் கேட்டேனா?" என்று கத்திவிட்டேன்.

"இல்ல மேடம். நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே காட்டிட்டா பயமா இருக்காது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி வைத்துக்கொண்டு போனாள். அவள் போனபிறகு நான் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு நிமிஷ வேலைதானே என்று எழுதியிருக்கிறாய். அக்டோபரில் அறங்காவலர்களிடம் நானும் அதைத்தான் சொன்னேன். கிர்பானைத் தைக்கட்டும், மழுக்கட்டும், உள்ளே வைக்கட்டும், எல்லாவற்றுக்கும் தலையாட்டு. அந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் சம்மதிக்காதே. கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தால் ரவ்னீத்திடம் சொல்லித் திருப்பி வாங்கு. இன்னொரு விசாரணை என்றால் இன்னொரு கடிதம் எழுதுகிறேன், என் செலவில் வந்து நிற்கிறேன். சிம்ரத் கேட்காமலே சட்டையைத் தூக்கிக் காட்டப் பழகிவிட்டால் அதற்குப் பிறகு உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

ஹர்சரண்